மலையிலிருந்து இறங்கி இதய சி.டி. ஆஞ்சியோ எடுப்பவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

குன்னூர்ப் பக்கத்து ஊர்க்காரன் நான். வேலை கோவையில், சி.டி. ஸ்கேன் அறையில். உதகை, கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என்று மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறேன். இதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்க்கிற ஸ்கேன் இது. படமெடுக்க மெஷினுக்கு ஆகும் நேரம் சில விநாடிகள்தான். அந்தப் படம் தெளிவாக விழுமா, கலங்கிப்போகுமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே ஸ்கேனைப் பற்றிச் சொல்வதைவிட, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியை விட்டுவிட்டால் மறுபடி மலையேறி, மறுபடி இறங்க வேண்டிவரும்.

கீழே வரும் மாத்திரைப் பெயர்கள் டாக்டரிடம் பேசும்போது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நீங்களாக வாங்கிப் போட அல்ல.

1. இந்த ஸ்கேன் உங்களுக்கானதுதானா?

நெஞ்சு இப்போதே வலிக்கிறது, கால் மணி நேரமாகியும் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம்தான் அருகில் இருக்கிறது என்றால் அங்கே போங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புவார்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்புக்கு சி.டி. எடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. அவர்கள் நேராகக் கேத் லேப், அதாவது குழாய் நுழைத்து ஆஞ்சியோ செய்கிற அறைக்குப் போக வேண்டியவர்கள்.

இந்த ஸ்கேன் பெரிதும் பயன்படுவது வேறொரு வகையினருக்கு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது நெஞ்சை அடைக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது. ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, எக்கோவும் நன்றாக இருக்கிறது. டிரெட்மில் டெஸ்டில் தெளிவான பதில் வரவில்லை. இப்படிப்பட்டவருக்கு அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று, குழாய் நுழைக்காமலே சொல்லிவிட முடியும். 'அடைப்பு இல்லை' என்று சி.டி. சொன்னால் அந்தப் பதிலை மிகவும் நம்பலாம். இந்த ஸ்கேனின் பெரிய பலமே அதுதான்.

யாருக்கு இது சரிப்பட்டு வராது? ஏற்கெனவே 3 மி.மீ.க்குச் சிறிய ஸ்டென்ட் வைத்தவர்கள், குழாய்ச் சுவரில் கால்சியம் நிறையப் படிந்தவர்கள், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறவர்கள், பத்து விநாடி மூச்சைப் பிடிக்க முடியாதவர்கள். இவர்களுக்கு முடியவே முடியாது என்றில்லை. பதில் அரைகுறையாக வர வாய்ப்பு அதிகம். அதை மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர், 'மாஸ்டர் செக்கப்' பேக்கேஜில் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்காக இதை எடுக்க வேண்டாம். கதிர்வீச்சும் மருந்தும் உடம்புக்குள் போகிற பரிசோதனை இது. காரணம் இல்லாமல் எடுக்கிற ஒன்றல்ல.

2. சீட்டில் எந்த ஸ்கேன் எழுதியிருக்கிறது?

'ஹார்ட் சி.டி.' என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு ஸ்கேன்கள் அதற்குள் இருக்கின்றன.

ஒன்று கால்சியம் ஸ்கோர். ஊசி இல்லை, மருந்து இல்லை. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று ஒரு எண் கொடுக்கும். தொந்தரவு இல்லாத, ஆனால் சர்க்கரை, கொலஸ்ட்ரால், குடும்ப வரலாறு என்று யோசனையில் இருப்பவருக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா என்று முடிவெடுக்க அது உதவும்.

இன்னொன்று சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம். கையில் ஊசி போட்டு, அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்தி, குழாயின் உட்பக்கத்தையே பார்ப்பது. நெஞ்சு அடைப்பு உள்ளவருக்கு வேண்டியது இது.

கால்சியம் ஸ்கோருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஞ்சியோ என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. சீட்டு கையில் வந்ததும், டாக்டர் எதிரில் இருக்கும்போதே 'ஊசி போட்டு எடுக்கிறதா, போடாமலா?' என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

3. ஒரு வாரம் முன்: ரத்தமும் காகிதமும்

முதல் வேலை கிரியேட்டினின் பரிசோதனை. செலுத்துகிற மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் திட்டமே மாறும். இதை உதகையிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ எடுத்துவிடுங்கள். கோவைக்கு வந்தபின் எடுத்தால், முடிவு வரும்வரை காத்திருந்தே பாதி நாள் போய்விடும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' கணக்கையும் லேபில் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். டாக்டர் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அப்புறம் ஒரு பையில் இவற்றைச் சேருங்கள்: பழைய ஈ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட், முன்பு ஆஞ்சியோ செய்திருந்தால் அதன் படங்கள் பதிந்த டிஸ்க் தட்டு, ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை, பைபாஸ் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. பைபாஸ் செய்தவருக்கு ஸ்கேன் எடுக்கும் பரப்பே வேறு. நெஞ்சின் மேல்பகுதியிலிருந்தே தொடங்க வேண்டும். அது தெரியாமல் எடுத்தால் ஒட்டுப்போட்ட குழாயின் தொடக்கம் படத்தில் விழாது.

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டாம். அட்டைகளையே கொண்டுவாருங்கள். 'சிவப்பாக, சின்னதாக ஒன்று காலையில்' என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இந்த ஸ்கேன் அந்த மருத்துவமனையில் அதற்குள் வருமா என்பதை முன்கூட்டியே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். பணம் கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

4. அப்பாயின்ட்மென்டுக்கு போன் செய்யும்போது கேட்க வேண்டியவை

மெஷின் எத்தனை ஸ்லைஸ், அதாவது ஒரு சுற்றில் எத்தனை அடுக்குப் படம் எடுக்கும் என்று கேளுங்கள். இதயத்துக்குக் குறைந்தது 64 வேண்டும். அதற்குக் கீழே உள்ளது தலைக்கும் வயிற்றுக்கும் போதும், துடிக்கிற இதயத்துக்குப் போதாது.

அடுத்து, அங்கே இதய சி.டி. அடிக்கடி எடுக்கிறார்களா, பல்ஸ் அதிகமாக இருந்தால் மாத்திரை கொடுத்துக் குறைக்க டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். ஸ்லைஸ் எண்ணைவிட இது முக்கியம் என்பேன். நல்ல மெஷின் இருந்தும், பல்ஸைக் குறைக்க ஆள் இல்லாத இடத்தில் 85 துடிப்போடு படம் எடுத்தால் கிடைப்பது கலங்கிய படம்தான்.

நேரத்தைக் காலை பத்து, பதினொன்று மணிக்குக் கேளுங்கள். அதிகாலை வேண்டாம், மாலையும் வேண்டாம்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போவது வழக்கம். அவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

5. மாத்திரைகள்: எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். 'ஸ்கேன் அன்று எதுவும் சாப்பிடக் கூடாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அதில் மெட்டோப்ரோலால், அடினோலால் போன்றவையும் இருக்கும். அவைதான் பல்ஸைக் குறைத்து வைத்திருக்கிற மாத்திரைகள். திடீரென நிறுத்தினால் துடிப்பு முன்பைவிட வேகமாக எகிறும். அதனால் பி.பி., இதய மாத்திரைகளைக் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்வதென்றால் உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

மெட்பார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் கிரியேட்டினின் முடிவை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மறுபடி சோதித்த பிறகே தொடங்குவார்கள். சில இடங்களில் எல்லோருக்குமே நிறுத்தச் சொல்வார்கள். அங்கே சொல்வதையே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் இறங்கினால் நடுவழியில் சர்க்கரை இறங்கிவிடும். காலை டோஸ் எவ்வளவு என்பதை முன்தினமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆஸ்துமா உண்டா? சொல்லிவிடுங்கள். பல்ஸைக் குறைக்கக் கொடுக்கும் வழக்கமான மாத்திரை மூச்சுத்திணறலைக் கிளப்பலாம். உங்களுக்கு ஐவாப்ராடின் போல வேறு மருந்து தேவைப்படும்.

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளை எடுத்திருந்தால் மறைக்கவே கூடாது. வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. ஸ்கேனுக்கு முன் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்போம், ரத்தக்குழாய் விரிவதற்காக. இரண்டும் சேர்ந்தால் பி.பி. ஆபத்தான அளவுக்கு விழும். முன்னதற்கு 24 மணி நேரம், பின்னதற்கு 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மனைவி, பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நாங்கள் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்போம். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்துக்கு உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். ஒவ்வாமைக்கான மாத்திரையை முந்தைய இரவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். வாசலில் வந்து சொன்னால் அன்றைக்கு ஸ்கேன் நடக்காது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் இந்த மருந்துக்கும் நேரடித் தொடர்பில்லை. அதை வைத்துப் பயப்பட வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் கட்டாயம் முன்னால் சொல்ல வேண்டும்.

6. முந்தைய நாளே மலையை விட்டு இறங்குங்கள்

மலைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புகிற ஒரே ஒரு விஷயம் என்றால் இதுதான்.

உதகையிலிருந்து கோவை மூன்று மணி நேரப் பயணம். காலை பதினொரு மணி ஸ்கேனுக்கு ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, பர்லியார் தாண்டுவதற்குள் வாந்தி. மேட்டுப்பாளையத்தில் டிராஃபிக். நேரமாகிவிட்டதே என்று பதற்றம். உள்ளே வரும்போது பல்ஸ் 96. உடம்பில் நீர் வற்றி, நரம்பு கிடைப்பதில்லை.

பல்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இதயக் குழாய்கள் 2 முதல் 4 மி.மீ. அகலமே உள்ளவை. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை இடம் மாறுகின்றன. இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஏறக்குறைய அசையாமல் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் மெஷின் படத்தைப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு முழுதாக ஒரு விநாடி உண்டு, அந்த இடைவெளியும் தாராளமாக இருக்கும். 90 ஆனால் ஒரு துடிப்புக்கு விநாடியில் மூன்றில் இரண்டு பங்குதான். அதில் குறைவது பெரும்பாலும் அந்த அமைதியான இடைவெளிதான். வலது பக்கக் குழாய் மற்றவற்றைவிட வேகமாக நகரும் என்பதால் முதலில் கலங்குவது அது. கலங்கிய இடத்தில் அடைப்பு இருப்பதுபோலவும் தெரியும், இருக்கிற அடைப்பு மறைந்தும் போகும். பல்ஸ் அதிகமானால் மெஷின் அதிக நேரம் கதிர்வீச்சைப் பாய்ச்ச வேண்டியும் வரும். எங்கள் இலக்கு 60, அல்லது 65-க்குள்.

அதனால் முந்தைய நாள் மதியமே இறங்கி, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீட்டில், இல்லை ஒரு லாட்ஜில் தங்குங்கள். செலவுதான். ஆனால் கெட்டுப்போன ஸ்கேனை மறுபடி எடுப்பதற்கு ஆவதைவிடக் குறைவு. சீசன் மாதங்களில் உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும். இரண்டு காலத்திலும் முன்தினம் இறங்குவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது பலருக்குப் பழக்கம். அவற்றில் சில, துடிப்பைக் கூட்டும். முன்தினம் இறங்கினால் அந்தப் பாதிப்பு இரவுக்குள் தணிந்துவிடும்.

7. டீயும் காபியும்

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வாழ்கிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஸ்கேனுக்கு முந்தைய 12 மணி நேரம் டீ, காபி, கோலா, எனர்ஜி பானம் எதுவும் கூடாது. காஃபின் துடிப்பைக் கூட்டும். நாங்கள் கொடுக்கிற மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும்.

'பால் இல்லாத டீ பரவாயில்லையா?' என்று கேட்பார்கள். பாலில் பிரச்சினை இல்லை, இலையில்தான். கட்டன் டீயும், கிரீன் டீயும், வரக்காப்பியும் இதில் அடக்கம். வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் டீ மட்டும் குடித்தேன் என்று மேட்டுப்பாளையம் டீக்கடையிலிருந்து நேராக வருகிறவர்கள் ஏராளம். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ் எல்லாமே இதே கணக்குத்தான்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் தலை வலிக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பாதி பாதியாகக் குறைத்து வாருங்கள்.

8. ஸ்கேன் அன்று காலை

திட உணவு நான்கு மணி நேரம் முன்பு வரை சரி. பதினொரு மணி ஸ்கேனுக்கு ஆறரை மணிக்கு இரண்டு இட்லி தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் தவிர மற்றவர்கள் நன்றாகக் குடியுங்கள். நீர்ச்சத்து இருந்தால்தான் நரம்பு எழும்பும், மருந்தும் சீக்கிரம் வெளியேறும்.

நெஞ்சில் எதையும் தடவாதீர்கள். நெஞ்சு வலி என்றதும் நீலகிரித் தைலத்தைத் தேய்ப்பது நம் வீடுகளில் கைவந்த பழக்கம். அந்த எண்ணெய்ப் பசையில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டாது. மெஷின் எந்தக் கணத்தில் படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே அந்தப் பட்டையிலிருந்து வரும் சிக்னலை வைத்துத்தான். பட்டை பாதியில் நழுவினால் ஸ்கேன் அங்கேயே கெட்டுவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள். ஆண்களுக்கு நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் பட்டை ஒட்டும் இடத்தில் மட்டும் மழித்துவிடுவோம்.

முன்பக்கம் திறக்கும் சட்டை, தளர்ந்த கை. ஸ்வெட்டர் போட்டு வாருங்கள், உள்ளே கழற்றிக்கொள்ளலாம். கழுத்துச் சங்கிலி, ஊக்கு, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாம் படத்தில் கோடு கோடாக விழும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். இதயப் பகுதியில் படாமல் கழுத்துக்கு மேலே ஒதுக்கி வைக்க முடிகிறதா என்று பார்ப்போம். சொல்லாமல் சேலைக்குள் மறைத்துக்கொண்டு படுத்தால்தான் சிக்கல்.

9. மூச்சுப் பயிற்சி

இதை முந்தைய இரவே செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து, பத்து விநாடி அசையாமல் நிறுத்துங்கள். விடுங்கள். நான்கைந்து முறை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், 'மூச்சை இழுங்க' என்றதும் நெஞ்சு புடைக்க முழு மூச்சையும் இழுத்து, வயிற்றை இறுக்கிக்கொள்கிறார்கள். அப்படி இறுக்கினால் துடிப்பு மாறும், மருந்து இதயத்துக்குப் போய்ச் சேருவதும் தடைப்படும். முக்கால் மூச்சு போதும். ஒவ்வொரு முறையும் அதே அளவு இழுப்பதுதான் முக்கியம். நடுவில் கொஞ்சம் விட்டால்கூட, குழாய் படத்தில் படிக்கட்டுபோல வெட்டுப்பட்டுத் தெரியும்.

கூட வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். வீட்டில் படுகமோ மலையாளமோ கன்னடமோ மட்டும் பேசுகிற பாட்டி, தாத்தா என்றால், மெஷினிலிருந்து ஒலிபெருக்கியில் வரும் குரல் புரியாமல் திகைத்துப்போவார்கள். மூச்சை இழு, பிடி, விடு என்ற மூன்று சொல்லையும் அவர்கள் மொழியில் எங்களிடம் சொல்லிக்கொடுங்கள். நாங்கள் அதையே சொல்கிறோம்.

10. ஸ்கேன் அறையில் நடப்பது

முதலில் உட்கார வைத்து பல்ஸும் பி.பி.யும் பார்ப்பார்கள். 65-க்கு மேலே இருந்தால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அவசரப்படுத்தாதீர்கள், மொபைலில் வியாபாரம் பேசாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதும் சிகிச்சையின் பாகம்தான்.

ஊசி பெரும்பாலும் வலது முழங்கை மடிப்பில். புறங்கையில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். மருந்து விநாடிக்கு 5 மி.லி. வேகத்தில் போக வேண்டும், சின்ன நரம்பு அதைத் தாங்காது. தேயிலை பறித்துக் காய்த்துப்போன, குளிரில் விறைத்த கைகளில் நரம்பு ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்டவர்கள் காத்திருக்கும்போதே கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான துணியால் சுற்றி வையுங்கள். ஊசி போட்ட இடத்தில் ஸ்கேனின்போது சுரீரென்று வலித்தாலோ வீங்கினாலோ உடனே குரல் கொடுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல அது.

நைட்ரோகிளிசரின் வைத்ததும் தலை கொஞ்சம் கனக்கும். மருந்து பாயும்போது உடம்பு முழுக்கச் சூடாகும், அடிவயிற்றில் ஈரமானதுபோலத் தோன்றும். சிறுநீர் போய்விட்டதோ என்று பதறி அசைந்துவிடுகிறார்கள். போகவில்லை. அரை நிமிடத்தில் அடங்கிவிடும்.

11. முடிந்ததும் உடனே மலையேறாதீர்கள்

மருந்துக்கு உடம்பு கடுமையாக எதிர்வினை காட்டுவதென்றால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் காட்டும். அந்த அரை மணி நேரம் ஊசி லைனை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கல்லாறு தாண்டி வளைவில் இருக்கும்போது மூச்சு முட்டினால் கைக்கெட்டும் தூரத்தில் யாரும் இல்லை.

பல்ஸ் மாத்திரையும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்து சில மணி நேரம் பி.பி.யைத் தாழ்த்தி வைக்கும். எழும்போது தலைசுற்றலாம். அன்றைக்கு மலைப்பாதையில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. பைக்கில் வந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மாலையில் யாராவது ஓட்ட ஏறுங்கள். மறுநாள், மூன்றாம் நாள் தோல் தடித்து அரிப்பு வந்தால் உள்ளூர் டாக்டரிடம் 'ஸ்கேன் மருந்து போட்டார்கள்' என்று சொல்லிக் காட்டுங்கள்.

12. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் கால்சியம் ஸ்கோர் இருக்கும். 0 என்றால் சுண்ணாம்புப் படிவு இல்லை. 1 முதல் 99 குறைவு, 100 முதல் 399 மிதம், 400-க்கு மேலே அதிகம். 0 வந்ததும் 'இதயம் சுத்தம்' என்று பீடியைப் பற்ற வைக்க வேண்டாம். இளம் வயதுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு சேராத மென்மையான கொழுப்புப் படிவு இருக்கக்கூடும். அதை ஆஞ்சியோ படம்தான் காட்டும்.

அடுத்தது 'கேட்-ராட்ஸ்' என்ற எண். மிக மோசமான அடைப்பு எவ்வளவு என்பதன் சுருக்கம் அது. 0 என்றால் எதுவுமில்லை. 1 என்றால் 25 சதவீதத்துக்குள். 2 என்றால் 25 முதல் 49. 3 என்றால் 50 முதல் 69. 4 என்றால் 70-க்கு மேலே, அல்லது இடது பிரதான குழாயில் 50-க்கு மேலே. 5 என்றால் முழு அடைப்பு. பக்கத்தில் 'என்' என்ற எழுத்து இருந்தால் ஏதோ ஒரு பகுதி சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அது எந்தக் குழாய் என்று கேளுங்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். எந்தக் குழாய், எந்த இடம் என்பதும் அதே அளவு முக்கியம். முன்பக்க எல்.ஏ.டி. குழாயின் தொடக்கத்தில் 60 சதவீதமும், ஒரு சின்னக் கிளையின் நுனியில் 60 சதவீதமும் ஒன்றல்ல. சுண்ணாம்பு கனமாக உள்ள இடத்தில் அடைப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

13. ரிப்போர்ட் வந்தபின் என்ன செய்வது

நான் டெக்னீஷியன், சிகிச்சை சொல்வது கார்டியாலஜிஸ்ட் வேலை. அவர் முன்னால் உட்காரும்போது நீங்கள் கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கேட்-ராட்ஸ் எண் 1, 2 என்று வந்தவர்கள்தான் பெரும்பாலும் வழிதவறுகிறார்கள். 'பெரிய அடைப்பு இல்லை' என்ற வரியைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். ஆனால் குழாயில் படிவு தொடங்கிவிட்டது என்பதற்கான ஆதாரம் அதுதான். மாரடைப்பு பெரிய அடைப்பில் மட்டும் வருவதில்லை. சின்னப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் வரும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. வழக்கமான கவனிப்போடு சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தவர்களில், ஐந்து ஆண்டுகளில் இதயநோய் மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் 2.3 சதவீதம். எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. படத்தைப் பார்த்தபின் தடுப்பு மாத்திரைகள் சரியான ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அதனால் கேளுங்கள்: 'எனக்கு ஸ்டாட்டின் வேண்டுமா? கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவுக்குள் வர வேண்டும்? ஆஸ்பிரின் தேவையா?'

3 வந்தால், அந்த அடைப்பு உண்மையில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை தேவைப்படலாம். ஸ்ட்ரெஸ் எக்கோவோ, நியூக்ளியர் ஸ்கேனோ, வேறொன்றோ. அது இல்லாமலே ஸ்டென்ட் பேச்சு எழுந்தால், 'இது ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எப்படித் தெரியும்?' என்று மரியாதையாகவே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

4, 5 வந்தவர்களுக்குக் கேத் லேப் ஆஞ்சியோ பெரும்பாலும் அடுத்த படி. அங்கும் பதற்றத்தில் முடிவெடுக்காதீர்கள். நிலையான இதயக்குழாய் நோய் உள்ள 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்வதும், மாத்திரையோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அதைச் செய்வதும் மரணத்தையும் மாரடைப்பையும் தடுப்பதில் பெரிதாக வேறுபடவில்லை. நெஞ்சு வலி குறைவதில் ஸ்டென்ட் பக்கம் பலன் கூடுதல். ஆனால் இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உங்கள் அடைப்பு அந்தக் குழாயில் என்றால் தள்ளிப்போடக் கூடாது. வலி ஓய்விலும் வருகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றாலும் அப்படித்தான்.

ஊர் திரும்பியபின் மாத்திரைதான் பெரிய விஷயம். ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும், வலி இல்லையே என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். பி.பி., சர்க்கரை மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, இதய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

14. மறுபடி எப்போது?

ஆண்டுதோறும் எடுக்கிற ஸ்கேன் அல்ல இது. நன்றாகத் திட்டமிட்டு எடுத்தால் கதிர்வீச்சு பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிசீவர்ட்டுக்குள் நிற்கும். இயற்கையிலிருந்து மனிதர்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்குவது 2.4. பயப்படும் அளவில்லை, ஆனால் வீணாக்கும் அளவும் இல்லை. புதிதாகத் தொந்தரவு வந்தால், அல்லது கார்டியாலஜிஸ்ட் கேட்டால் மட்டும் போதும். ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் கால்சியம் ஸ்கோரை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதே படிவு கெட்டிப்பட்டு அந்த எண் கூடலாம்.

படங்களைத் தட்டில் கேட்டு வாங்குங்கள். பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது. அடுத்த டாக்டர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். மலையின் மழைக்கால ஈரத்தில் தட்டில் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு பென்டிரைவிலும் ஏற்றி வையுங்கள். தட்டை நேராகப் பீரோவில் வைக்காமல், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.